நூற்றைம்பது அடிக்கு ஒரு கருத்துக் கேட்பு

இரண்டு நாள் வகுப்பில் படித்ததை மூன்றாம் நாளே யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். இது எனக்குப் பிறவியிலேயே உள்ள வியாதி. பெங்களூரு அலுவலகத்தில் என்னை ‘அஜைல்’ வகுப்புக்கு அனுப்பினார்கள். வேலையைச் சின்னத் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் வாடிக்கையாளரைக் கேள், அவர் மனம் மாறினால் மலர்ந்த முகத்தோடு நீயும் மாறு. சாரம் அவ்வளவுதான். (சான்றிதழ் கொடுத்தார்கள். லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.)

அந்த வாரம் நாமகிரிப்பேட்டையில் எங்கள் மஞ்சள் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. கிணறு வற்றிவிட்டது. என் மனைவியின் தம்பி செந்தில் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். எங்களிடம் வருகிற அன்று சாயங்காலமே வண்டி கர்நாடகா கிளம்ப வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். அதற்குள் தண்ணீர் வராவிட்டால் மஞ்சள் போச்சு.

லீவு போட்டு ஊருக்கு வந்து, இன்றைய வேலையை நான் நடத்துகிறேன் என்றேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த தோஷம், செந்தில் மறுக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ரிக் ஆட்களை வட்டமாக நிற்கவைத்தேன். ஆளுக்கு மூன்று கேள்வி: நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், தடை என்ன? இருபது வருடமாகக் குழி போடும் டிரில்லர் பழனி அண்ணன் பீடியை அணைத்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்.

“நேத்து குழி போட்டமுங்க. இன்னைக்கும் குழிதானுங்க. தடைன்னா... இப்ப நின்னுட்டிருக்கறதுதானுங்க.”

அதையும் கையோடு கொண்டுவந்திருந்த பலகையில் எழுதிக்கொண்டேன்.

அப்பா காட்டிய பாயிண்டில் நூற்றைம்பது அடி இறங்கியதும் ரிக்கை நிறுத்தச் சொன்னேன். கருத்துக் கேட்கும் நேரம். வெளியே வெறும் வெள்ளைப் புழுதி. இந்தப் பக்கமெல்லாம் நானூறைத் தாண்டினால்தான் தண்ணீர் என்று பழனி அண்ணன் முனகினார். (அவர் வாடிக்கையாளர் இல்லையே, கணக்கில் சேர்க்கவில்லை.) அப்பா புழுதியைப் பார்த்து முகம் சுளித்தார். தோட்டத்தில் சரிபாதிப் பங்குள்ள சித்தப்பா, வேப்பமரத்து ஓரம்தான் சரி என்று தான் முதலிலேயே நினைத்ததாகச் சொன்னார். மாற்றத்தை வரவேற்றேன். குழிக்குள் இறக்கிய ராடுகளையெல்லாம் உருவி, வண்டியைக் கிளப்பி வேப்பமரத்துக்குப் போனோம்.

அங்கேயும் நூற்றைம்பது அடி, அங்கேயும் நிறுத்தம். அப்பாவுக்கு வேப்பமரம் பிடிக்கவே இல்லை. சித்தப்பாவுக்கே இப்போது சந்தேகம். டீ கொண்டுவந்த அம்மாவையும் நான் விடவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் தண்ணீர் வந்தால் குடம் சுமக்கிற வேலை மிச்சம் என்றாள். (பயன்படுத்துபவரின் தேவை என்று வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள்!) வண்டி கொட்டகைக்குப் போனது. சத்தத்தில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குக் குடிபெயர்ந்தன.

மணி மூன்று. மூன்று குழி, மூன்றிலும் புழுதி. எல்லோரையும் கேட்டுத்தானே செய்தேன்? ஒன்றும் விளங்காமல், மொத்தம் எத்தனை அடி ஆயிற்று என்று பழனி அண்ணனிடம் கேட்டேன்.

“நானூத்தம்பது போட்டாச்சுங்க,” என்றார். “என்ன, ஒரே எடத்துல போடலைங்க.”

சாயங்காலம் வண்டி கிளம்பியாக வேண்டும் என்று செந்தில் மெதுவாக நினைவூட்டினான். அப்பா காய்ந்த மஞ்சள் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாதான் நிமிர்ந்தாள்.

“செந்திலு, மொதக் குழிக்கே போ சாமி. தண்ணி வார வரைக்கும் ஒருத்தரையும் கேக்காத. என்னையுந்தான். இவனை நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

வீட்டில் எனக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும் வேலை தரப்பட்டது. இரண்டாவது கிலோவில் இருக்கும்போது தோட்டத்துப் பக்கம் கூச்சல் கேட்டது. நானூற்று முப்பதாவது அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்ததாம். மஞ்சள் பிழைத்தது. என் கண்ணிலும் தண்ணீர். (வெங்காயம்தான்.)

எங்கே பிசகினேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை; வகுப்பில் சொன்ன ஒன்றைக்கூட நான் விடவில்லை. மற்ற இரண்டு குழிகளுக்கும் இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்தாயிற்று. தோட்டத்துக்கு விருந்தாளி யார் வந்தாலும் அப்பா நடத்திக் கூட்டிப்போய்க் காட்டாமல் விடுவதில்லை.

“இது தண்ணி வார குழிங்க. அக்கட்ட இருக்கற ரெண்டும் எம் பையன் படிச்ச குழிங்க.”