ஆறடி மச்சான்

"எங்க அண்ணன் ஆறடி! கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேனா இல்லையா?" மனைவி கரண்டியோடு பால்கனிக்கே வந்துவிட்டாள்.

குமாஸ்தா ஸ்கோப்பும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி கிளப்பில் தூரம் கணிக்கும் போட்டி. சுடவே வேண்டாம். துப்பாக்கியில் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். உயரம் தெரிந்த ஓர் உருவம் அதில் எத்தனை கோடுகளை அடைக்கிறது என்று பார்த்து, உயரத்தை அதால் வகுத்தால் தூரம் வந்துவிடும். போன வருஷம் இவர்தான் கடைசி. இந்த வருஷமும் கடைசி என்றால் அணியிலிருந்து கல்தாதான்.

அதற்காகத்தான், தெருக்கோடியில் தன் தச்சுப்பட்டறை வாசலில் நின்ற மச்சானை வைத்துப் பயிற்சி எடுத்தார். ஆறடி என்று வைத்துப் போட்ட கணக்கு நூற்றிருபது மீட்டர் என்றது. டேப்பை இழுத்துப் பார்த்தால் நூற்றுப்பத்து.

"அப்போ உங்க அண்ணன் அஞ்சரை அடிதான்டி" என்று சொல்லித் தொலைத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று பட்டறைக்கே போனார்.

"புதுச் சட்டை எடுக்கலாம்னு... கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க மச்சான்."

"சட்டைக்கு எதுக்கு மாப்ளே உச்சந்தலையில டேப்பை வைக்கிறீங்க?"

அவ்வளவுதான். செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் அல்லவா? மானமும் பறந்தது. "தப்பு ஸ்கோப்புமேலதான்மா. எதைப் பார்த்தாலும் பன்னிரண்டுல ஒரு பங்கு கூட்டிக் காட்டுது. அதைக் கழிச்சுட்டா சரியாயிடும்" என்று சரணடைந்தார்.

"அப்படியா? அப்போ போட்டியிலயும் கழிப்பீங்கதானே?"

"க... கழிப்பேன்."

"நானும் வந்து பாக்குறேன். கழிக்கலேன்னா, எங்க அண்ணனை வேணும்னே குட்டைன்னு சொன்னீங்கன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தின் அந்தக் கோடியில் புத்தம்புதிய பலகை மனிதன் விறைப்பாக நின்றான். "சரியா ஆறடி!" என்று அறிவித்தார் கிளப் செயலாளர்.

குமாஸ்தா கோடுகளை எண்ணினார், வகுத்தார். அச்சடித்த மாதிரி முந்நூறு மீட்டர். பக்கத்தில் இருந்தவரின் சீட்டிலும் முந்நூறு. வயிற்றில் பால் வார்த்தது.

பின்னால் ஓர் இருமல். "கழிங்க."

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன்டி..."

"கழிக்கிறீங்களா, அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

கழித்தார். இருநூற்று எழுபத்தைந்து. எழுதும்போது அழுகையே வந்துவிட்டது.

செயலாளர் சீட்டுகளைப் படித்தார். முந்நூறு, முந்நூற்றிரண்டு, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. இவருடையதைப் படித்ததும் கொல்லென்று சிரிப்பு. பிறகு டேப்பை இழுத்தார்கள்.

இருநூற்று எழுபத்தைந்து!

"பாத்தீங்களா? எங்க அண்ணனை நம்பினா ஒரு குறையும் வராது" என்றாள் மனைவி. குமாஸ்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் கைக்கு வந்த பரிசுக் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செயலாளருக்குத்தான் பொறுக்கவில்லை. "அத்தனை பேரும் எப்படிய்யா ஒரே மாதிரி தப்பு பண்ணுவாங்க? அந்தப் பலகையைச் செஞ்ச தச்சரைக் கூப்பிடு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தார். பலகை மனிதனின் தோளில் சரிசமமாகக் கையைப் போட்டுக்கொண்டார்.

"அளந்துதானே அறுத்தீங்க?"

"ஆறடி ஆள்னுதானே சார் கேட்டீங்க? அதுக்கு டேப் எதுக்கு? நானே பலகைமேல படுத்து, சுத்திக் கோடு போடச் சொல்லி அறுத்துட்டேன்!"