காசிலிங்கத்தின் இடது தோள் விருது வாங்கிய வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியான மகத்தான நாள் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: மரக்காணம் காசிலிங்கத்தின் இடது தோளுக்காகப் பதினோரு நிபுணர்கள் குளுகுளு அறையில் கூடிய அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

உப்பளத்தில் முப்பத்தைந்து வருஷம் பலகையால் உப்பை இழுத்து வாரியதில் காசிலிங்கத்தின் தோள்மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்க வேண்டும். எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வைப்பது என்பதே அன்றைய கூட்டத்தின் 'பொருள் நிரல்'. காசிலிங்கத்துக்கும் கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். திரையில் அவருடைய எலும்பு நீல நிறத்தில் சுழன்றது. இத்தனை படித்தவர்கள் தன் எலும்பைக் கண்கொட்டாமல் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரெண்டு டிகிரி கீழ சாய்ச்சா?" என்றார் ஒருவர்.

"கம்ப்யூட்டர் ஒத்துக்காது," என்றார் தலைமை மருத்துவர் தட்சணாமூர்த்தி. கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாத எதையும் அவர் செய்ததில்லை.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார் காசிலிங்கம்.

"நீங்க சிரமப்படாதீங்க. எல்லாத்தையும் நாங்களே கேட்டுக்கிறோம்."

கேட்கவும் செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த படிவத்தில் இருபது கேள்விகள். கோட்டு மாட்ட முடிகிறதா? டென்னிஸ் மட்டையை வீச முடிகிறதா?

"மாட்னதே இல்லீங்க. வீசுனதும் இல்லீங்க."

'முடியவில்லை' என்று இரண்டு இடத்திலும் குறித்துக்கொண்டார்கள்.

அவர் கேட்க நினைத்ததை வார்டு கூட்டும் ராசம்மாள்தான் அவரிடம் கேட்டாள்.

"ஏண்ணே, வெளிய போனா கழுவுறதுக்குக் கை பின்னால போவுமா? போன மாசம் ஆப்ரேசன் பண்ணவருக்குப் போவல. பாவம், அழுதுட்டாரு."

"எனக்கும் அதாம்மா பயம். அத்தினி பெரிய மனுசங்க கிட்ட இத எப்பிடிக் கேக்குறது?"

"இருண்ணே, நான் கேக்குறேன்." விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகத் தலைமை மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் கோபிக்கவே இல்லை. மூட்டைக் கொஞ்சம் வேறு மாதிரி திருப்பி வைத்தால் கை பின்னால் போக வாய்ப்புண்டு என்றார். ஆனால் மேலே தூக்குவதில் பத்து டிகிரி குறையலாம். வரப்போகும் எலும்பு மருத்துவர்கள் மாநாட்டில் காட்டும் படத்தில் கை மேலேதான் இருக்க வேண்டும்.

"வலது கை நல்லாத்தானே இருக்கு?"

"அது சோத்துக் கை சார். துன்னூறு பூசுற கை."

ராசம்மாளின் இந்தக் கருத்து, 'இதர' என்ற தலைப்பின்கீழ் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

அறுவை சிகிச்சை அபாரமாக நடந்தது. கம்ப்யூட்டர் சொன்ன இடத்திலிருந்து மூட்டு ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. எட்டு மாதம் கழித்து மாநாட்டு மேடையில் காசிலிங்கம் இடது கையைத் தூக்கினார். நூற்றைம்பது டிகிரி! மண்டபமே எழுந்து நின்றது. 'சிறந்த பொருத்துநிலை'க்கான கேடயம் தட்சணாமூர்த்திக்கு அறிவிக்கப்பட்டது. அது மேடைக்கு வருவதற்குள், "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று காசிலிங்கத்தின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. டாக்டர் ஐயா வெச்சது தங்கமான எடம். வலி இல்ல. கோயில்ல ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புடுறேன். பின்னாலதான் போவல. எட்டு மாசமா தெனம் காலையில என் சம்சாரம் ஞானாம்பாள்தான் கழுவி வுடுறா. நான்தான் வெக்கத்துல அழுவேன். அவ ஒரு நாள்கூட மூஞ்சிய சுளிச்சதில்ல. அதனால அந்தக் கேடயத்த அவகிட்ட குடுத்துடுங்கய்யா. இந்தக் கையோட மீதி வேலைய அவதான் பாக்குறா."

மூன்றாவது வரிசையில் ஞானாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அமைப்பாளர்கள் நிகழ்ச்சி நிரலை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்கள். அதில் அவள் பெயர் இல்லை. ஆகவே, விதிகள் எள்ளளவும் மீறப்படாமல், கேடயத்தை மருத்துவரே வாங்கிக்கொண்டார்.