தொட்டி நிறைந்த செய்தி மேலிடம் சென்ற வரலாறு

தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும். நீர் வழங்கல் துறையின் மூன்றாம் நிலையத்தில் இந்த ஒரே வேலையைப் பன்னிரண்டு வருடமாக ஒரு பெண் செய்துவந்தாள். ஏணியில் ஏறித் தொட்டியை எட்டிப் பார்ப்பாள். நிறைந்திருந்தால் இறங்கி வந்து சுவரிலுள்ள கைப்பிடியை இழுத்துவிடுவாள். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடப்பது துறையின் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? சுற்றறிக்கை வந்தது. வரும் முதல் தேதியிலிருந்து எல்லா நிலையங்களும் கணினியால் இயங்கும். கைப்பிடிகள் அரக்கு வைத்து மூடப்படும். தன் நிலையத்துக்கான நிரலைத் தானே அமைக்கத் தெரியாதவர் கிடங்குக்கு மாற்றப்படுவார்.

கிடங்கு என்பது துருப்பிடித்த குழாய்களுக்குக் காவல் இருக்கும் இடம். போனவர் யாரும் ஓய்வு பெறாமல் திரும்பியதில்லை.

நல்லவேளை, அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். பெட்டிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கணினியை வேலை வாங்குவதற்காக ஒரு காட்சி மொழியை முகம் தெரியாத தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். அதற்குத் திரைமுகப்பு வரைந்தவர் அண்ணன். ஆறு வருடம், சம்பளமில்லாமல். ஒரு பெட்டியில் ‘தொட்டி நிறைந்தது’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘மோட்டாரை நிறுத்து’. விரலால் ஒரு கம்பியை இழுத்து இரண்டையும் இணைத்தால் தீர்ந்தது.

சமையலறை மேசையில் தங்கை நான்கே நிமிடத்தில் கற்றுக்கொண்டாள்.

“இவ்வளவுதானா அண்ணா?”

“இவ்வளவுதான்.”

“இதுக்கா ஆறு வருஷம்?”

பெட்டிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டை அவர் வாங்கியதில்லை, இனியும் வாங்கப்போவதில்லை.

துறை அவருடைய மொழியையே ஏற்றுக்கொண்டது. ‘துறையின் மாண்புக்கேற்பத் திரைமுகப்பைச் செம்மைப்படுத்தும் பொருட்டு’ ஒரு குழுவும் அமைத்தது. முதல் கூட்டத்தில் கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“இந்தக் கம்பி எங்கேருந்து எங்கே போகுது?”

“தொட்டிலேருந்து மோட்டாருக்கு சார்,” என்றார் குழுவில் சேர்க்கப்பட்டிருந்த பெட்டிக்காரர்.

“நேராவா?”

“நேராத்தான் சார்.”

கண்காணிப்பாளர் கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

“தொட்டி நிலைய அளவுல கட்டினது. மோட்டார் தலைமை அலுவலகம் வாங்கினது. கீழே இருக்கறது மேலே இருக்கறதுக்கு நேரா உத்தரவு போடுமா? நாளைக்கு வாளி வந்து எனக்கு உத்தரவு போடும்.”

“சார், தொட்டி ஊழியர் இல்ல. தொட்டி.”

“அதனாலதான் இன்னும் பணிவா நடந்துக்கணும்.”

அன்றே ‘தொட்டி நிறைந்தது’ என்ற பெட்டி ‘தொட்டி நிறைந்திருப்பதாகப் பணிந்து தெரிவிக்கப்படுகிறது’ என்று மாறியது. தெரிவிக்கப்பட்டதைப் பெற ஒரு பெட்டி. பெற்றதைப் பதிய ஒரு பெட்டி. பதிந்ததைப் பரிந்துரைக்க, பரிந்துரையைப் பரிசீலிக்க, பரிசீலனையின் மீது ஐயம் எழுப்ப, எழுந்த ஐயத்தைக் கீழே அனுப்ப என்று பெட்டிகள் பெருகின. பெட்டிகளுக்கு விடுமுறை உண்டா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உண்டு என்று தீர்மானமாயிற்று. விடுப்பில் போகும் பெட்டிக்குப் பதிலாகப் பொறுப்புப் பெட்டி வைத்தார்கள். மொத்தம் எண்பத்து மூன்று.

அப்போதுதான் அழகியல் ஆலோசகரைக் கொண்டுவந்தார்கள். காலுறை போடாமல் காலணி போடுகிறவர். வெளிநாட்டில் மூன்று வாரம் படித்தவர்.

“பெட்டி, கம்பி, எழுத்தெல்லாம் போன வருஷத்தோட போச்சு,” என்றார். “இப்ப வெறுமைதான்.”

முதலில் எழுத்துகளை எடுத்தார். பிறகு கோடுகளை. பிறகு வெள்ளைப் பின்னணியில் பெட்டிகளை வெள்ளையாக்கினார்.

“பெட்டி எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று பெட்டிக்காரர் பதறினார்.

“தெரியக் கூடாதுங்க. உணரணும்.”

கண்காணிப்பாளர் எழுந்துவிட்டார். “எண்பத்து மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்!”

இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது: எல்லாப் பெட்டிகளும் இருக்கும், எதுவும் தெரியாது. இரு தரப்பும் கைகுலுக்கின. வெள்ளைத் திரையின் நடுவே ‘சமர்ப்பி’ என்ற நீலப் பொத்தான் மட்டும் மிஞ்சியது. அந்த நீலம் பெட்டிக்காரர் ஆறு வருடத்துக்கு முன் தேர்ந்தெடுத்தது. அவருடைய உழைப்பில் பிழைத்தது அது ஒன்றுதான்.

தங்கையிடம் காட்டினார்.

“இன்னும் ஆன் ஆகலையே அண்ணா?”

“ஆன்லதான்மா இருக்கு. இடது மூலையிலேருந்து நாலு விரல் தள்ளித் தொடு. தொட்டி அங்கதான்.”

தொட்டாள்.

“என்ன வருது?”

“‘தங்கள் தொடுதல் பெறப்பட்டது’ன்னு வருது. அண்ணா, முதல் தேதிக்கு இன்னும் அஞ்சு வாரம்தான். நான் கிடங்குக்குப் போயிடுவேனா?”

“விடுவேனா? இது திறந்த மூலம்மா. மக்கள்கிட்ட முப்பது நாள் கருத்துக் கேட்காம எதையும் அமல்படுத்த முடியாது. பஸ்ல நின்னுக்கிட்டே அரசாங்கத்தைக் கிழிக்கிற ஜனம் இது. இதையா சும்மா விடும்?”

சும்மா விடவில்லை. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள் வந்தன. அவற்றைத் தரம் பிரிக்கும் பொறுப்பைத் துறை பெட்டிக்காரரிடமே ஒப்படைத்தது. ஆவலோடு பிரித்தார். முதல் கருத்து, நீலம் அழுத்தமாக இருக்கிறது என்றது. இரண்டாவது, வெளிறியிருக்கிறது என்றது. மூன்றாவது பச்சை கேட்டது. பத்தாம் நாள் பச்சைக்கு ஒரு சங்கம் தோன்றியது. பன்னிரண்டாம் நாள் அது இளம்பச்சை, கரும்பச்சை என்று உடைந்தது. மோட்டாரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

பெட்டிக்காரர் சிரித்துக்கொண்டே பிரித்தார், ‘இந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்தவனுக்குக் கண் இருக்கிறதா?’ என்ற கருத்தைப் பார்க்கும்வரை. அதற்குப் பதினோரு பக்கம் பதில் எழுதினார். அதற்கு வந்த பதில்களுக்குப் பதில் எழுதினார். சாப்பிடக் கூப்பிட்டால் “இரு” என்றார். தங்கை இரண்டு முறை வந்து கதவருகே நின்றாள். “நீலத்தோட மானப் பிரச்சினைம்மா, அப்புறம் பேசலாம்,” என்றார். கடைசி நாளில் மிஞ்சியவற்றை ‘நீலம்’, ‘பச்சை’ என்று இரண்டு கட்டாகக் கட்டினார். நிறத்தைக் குறிப்பிடாத ஒன்று மட்டும் எதிலும் சேரவில்லை. விதிப்படி ‘பொருத்தமற்றது’ என்று முத்திரை குத்திக் கையெழுத்திட்டார்.

முதல் தேதி காலை ஒன்பது மணிக்குத் தொட்டி நிறைந்தது. பணிந்து தெரிவித்தது. நாற்பத்து ஒன்றாவது பெட்டி விடுப்பில் இருந்தது. அதன் பொறுப்புப் பெட்டி இன்னும் பொறுப்பேற்கவில்லை. தண்ணீர் வழிந்து படியிறங்கித் தெருவுக்கு வந்தது. ஜனங்கள் முதலில் குடத்தோடு வந்தார்கள், பிறகு துடைப்பத்தோடு. வீடுகளுக்குள் முழங்காலளவு ஏறியதும் தங்கை அரக்கை உடைத்துக் கைப்பிடியை இழுத்தாள். மோட்டார் நின்றது.

‘மேலிட உத்தரவு கிடைக்கப்பெறுமுன் மோட்டாரை நிறுத்தியமைக்காக’ அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பதினோராம் நாள் உத்தரவு கிடைத்தது: மோட்டாரை நிறுத்தலாம். நின்றுபோன மோட்டாரை எப்படி நிறுத்துவது? ஓடவிட்டு நிறுத்தினார்கள். தெருவாசிகள் கொதித்தெழுந்து ஈரக்கையோடு மனு எழுதினார்கள். பொத்தானை உடனே பச்சையாக்க வேண்டுமாம்.

பெட்டிக்காரர் தங்கையை இழுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குள் புகுந்தார்.

“நாலாயிரம் பேர் எழுதினாங்களே, ஒருத்தராவது சொன்னாங்களா சார், மோட்டார் நிக்காதுன்னு? தூ! இதெல்லாம் ஒரு ஜனமா?”

“அவசரப்படாதீங்க,” என்று கண்காணிப்பாளர் ஒரு கோப்பைத் திறந்தார். “ஒருத்தர் சொல்லியிருக்காங்க. ‘இந்த முகப்பில் மோட்டார் நிற்காது. மூன்றாம் நிலையம்.’ ரெண்டே வரி. நிராகரிச்சிருக்கு. கீழே இருக்கற கையெழுத்து உங்களதுதானே?”

பெட்டிக்காரர் தாளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

“எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“வந்தேனே அண்ணா. நீ நீலத்துக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருந்தே. சரி, முறைப்படியே அனுப்பிடலாம்னு அனுப்பினேன்.”