பூஜ்யத்துக்கும் கீழே ஓர் அக்கா

இதை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஊதல் அக்காவுக்கு இன்றும் பயம்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவள். அவள் சொல்வதை அலுவலகம் நம்பாது. அலுவலகம் சொல்வதை அவளால் நம்ப முடியவில்லை.

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ஒரே வேலை. காலையில் ஓட்டுநர்கள் அவள் நீட்டும் மது சோதனைக் கருவியில் ஊதுவார்கள். பூஜ்யம் காட்டினால் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள், வண்டி கிளம்பும். எங்காவது மோதினால் முதலில் தேடப்படுவதும் அந்தக் கையெழுத்துதான்.

அன்று பதினொரு பேர் ஊதினார்கள். பதினொரு தடவையும் கருவி அலறியது. பன்னிரண்டாமவர் ஊதவே இல்லை. "வணக்கம்க்கா" என்றார், அலறிவிட்டது.

ஏழாம் நம்பர் வண்டிக்காரருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள்.

"அண்ணே, டாக்டரைப் பாருங்க. ஈரல் போயிடும்."

"பார்த்தேன்மா. குடியை விடச் சொன்னார். அவரை விட்டுட்டேன். காலைல ஒரு மடக்கு போனாத்தான் கை நடுங்காது. நடுங்குற கையோட ஓட்டினா ஜனங்களுக்கு ஆபத்தில்லையா?"

மேலாளர் வந்தார். பன்னிரண்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் தவறு செய்வது நிர்வாக ரீதியாகச் சாத்தியமில்லை. ஆகவே தவறு கருவியுடையதே என்று தீர்மானித்தார். பொறுப்புள்ள அதிகாரி ஒருவரின் மூச்சை வைத்து அதைத் திருத்துவதே முறை என்று தாமே ஊதினார். ஜன்னலில் இருந்த இரண்டு ஈக்கள் மயங்கி விழுந்தன. அந்த அளவே இனிப் பூஜ்யம் என்று திருத்தப்பட்டது.

பன்னிரண்டு பேரும் தேறினார்கள். சரிபார்க்க அக்காவையும் ஊதச் சொன்னார்கள். மைனஸ் நாற்பது.

"என்னம்மா இது, இவ்வளவு குறைபாடு?"

"நான் குடிக்கிறதில்லீங்க ஐயா."

"சாக்குச் சொல்லாதீங்க. நிர்ணயித்த அளவை எட்ட ஒரு வாரம் அவகாசம். இப்பக் கையெழுத்தைப் போடுங்க."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "மாட்டேங்க ஐயா. யாராவது செத்தா என் தலையில விடியும்."

அரை மணி நேரம் ஒரு வண்டியும் நகரவில்லை. பயணிகள் ஜன்னலை மொய்த்தார்கள்.

"குடிக்காத டிரைவர் வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்!"

"நல்லா இருக்கும்மா உன் நியாயம். ஆபீஸ்ல எனக்காக யார் பதில் சொல்றது?"

கன்னம் வீங்கிய ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "போடுங்கக்கா. குடிகாரரைக் கட்டிக்கிட்டு பத்து வருஷமாக் குடும்பத்தையே ஓட்டுறேன். குடிச்சவர் ஓட்டுற பஸ்ல பத்து மைல் போக மாட்டேனா? லேட்டானா வேலை போயிடும்."

அக்கா பேனாவை எடுத்தாள். பன்னிரண்டு தடவை 'தகுதி' என்று எழுதினாள். கூட்டம் கைதட்டிவிட்டு ஏறிக்கொண்டது.

மாலையில் அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். ஏழாம் நம்பர் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. "ஏறும்மா, உனக்கில்லாத வண்டியா?" ஜன்னலெல்லாம் தலைகள். "வாங்கக்கா, வாங்க!"

"இல்லண்ணே, நடந்தா உடம்புக்கு நல்லது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வண்டி நகர்வதற்குள் ஓடிப்போய் மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.