கேமராவுக்குப் பின்னால் யார்?

மண்ணூர்,
13-6-2005

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய அத்தான் அருள்நாதன் அவர்களுக்கு, மச்சான் யாக்கோபு ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அக்காவின் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் அக்கா பக்கத்தில் நிற்பாள் என்பதால் எழுதுகிறேன். தாங்கள் கொண்டுவந்த சிங்கப்பூர் மாப்பிள்ளை ஜெபர்சன் விஷயத்தில் எனக்கு மனசு சரியில்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும், டியூட்டிக்குப் போகிற யூனிபார்மோடேயே, மாப்பிள்ளையைக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச, மகள் பெனிஷாவை அழைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் கோதண்டத்தின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் எதிராளியின் முகம் கலங்கல் தண்ணீரில் பார்த்த மாதிரிதான் தெரிகிறது; மாப்பிள்ளை முகத்தில் மட்டும் மீசை முடியை எண்ணலாம். கேட்டால், கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவையே கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறாராம். பெண் பார்க்க எதற்கு அத்தான் அவ்வளவு பெரிய கேமரா? பத்தொன்பது வருஷம் கம்பெனி கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தவன் நான். பழக்கதோஷத்தில், "எழுந்திருங்க தம்பி, கையத் தூக்கிக்கினு ஒரு சுத்து சுத்துங்க" என்றேன். பாவம், சுற்றினார். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததும் படம் தானாக நகர்ந்து முகத்துக்குக் கிட்டே போனது! அவர் இடத்தை விட்டு அசையவே இல்லை. "கேமராவ யாரு தம்பி புடிச்சிக்கினு இருக்காங்க?" என்றேன். "யாருமில்ல மாமா, ஸ்டாண்டுல நிக்குது" என்கிறார். அதற்குள் மாமாவாம்! நம் சபையில் எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறோம், ஆளில்லாமல் எந்தக் கேமராவாவது கிட்டே போயிருக்கிறதா? கோதண்டத்தைக் கேட்டால், "இன்னா சார் நீ, ஸ்டாண்டுதான் சார்" என்று சிரிக்கிறான். அவனும் உடந்தையோ என்னவோ.

அதோடு விட்டாரா? பெனிஷாவிடம் ஐந்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டுமாம். தாராளமாகப் பேசுங்கள் என்று நான் எழுந்து, தடுப்புக்குப் போட்டிருந்த திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். உள்ளே ஒரே சிரிப்பு. அங்கே கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பது ஆணோ பெண்ணோ தெரியாது. ஆனால் பெண்பிள்ளை பேசுவதை மறைந்து நின்று கேட்பது என்ன குடும்பம் அத்தான்? எனக்குப் பயமாக இருக்கிறது. இருப்பது ஒரே மகள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

தங்களையும் அக்காவையும் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
யாக்கோபு

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தங்கள் போன் வந்தது. பெண்ணுக்குப் பின்னால், திரைச்சீலைக்குக் கீழே, பளபளவென்று இரண்டு கறுப்பு பூட்ஸ் கடைசிவரை நின்றதாகவும், அது யார் என்று தெரியாமல் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பதாகவும் சொன்னீர்கள். கோதண்டமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பெனிஷா கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்பா, படம் கிட்ட போனது ரிமோட்டுப்பா. அவரு கையிலதான் இருந்தது, எனக்குக் காட்டுனாரு" என்றாள். அப்புறம் அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. மேலே எழுதியதையெல்லாம் அக்காவுக்குப் படித்துக் காட்டாதீர்கள், சம்பந்தத்தைப் பேசி முடித்துவிடுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் இதையே தபாலில் சேர்க்கிறேன். கோதண்டம் போடுவது ரப்பர் செருப்பு. பூட்ஸ் என்னுடையது.