தூங்காத மீட்டர்

இனிமேல் என் வண்டியை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தேன். புது பேட்டரி மாற்றியும், காலையில் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் 'டிக்' என்பதோடு சரி. செம்மங்குப்பம் கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவில் தொங்கிப் போய் என் மானமும் சார்ஜ் இறங்கியிருந்தது.

மல்டிமீட்டர் வாங்கினேன். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியிலிருந்து கரண்டு போகிறதா என்று பார்த்தேன். போனது. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினேன். வண்டியில் ஸ்பீடு காட்டும் டிஜிட்டல் மீட்டரின் பியூஸைப் பிடுங்கியதும் நின்றது.

"மேரி, இங்க வா. சாவிய எடுத்தப்புறமும் இந்த டிஸ்ப்ளே லேசா எரிஞ்சிக்கிட்டே இருக்கு. பகல்ல தெரியல. பேட்டரிய குடிக்கிறது இதுதான். புது மீட்டர் வர்ற வரைக்கும், வண்டிய நிறுத்தினா இந்த பியூஸ எடுத்துடணும். புரியுதா?"

என் மனைவி பாக்கியமேரி பியூஸை வாங்கிப் பார்த்தாள்.

"இவ்ளோ சின்னதா? எங்கேருந்து எடுத்தீங்க, இன்னொரு தடவ காட்டுங்க."

காட்டினேன். கல்யாணமாகி அவள் என்னிடம் பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் ஜாஸ்தியாகவே விளக்கினேன்.

அந்த ஞாயிறு சிதம்பரத்தில் என் மச்சான் டேவிட் ராஜ் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா. மச்சான் நல்ல மனிதர். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களை, தான் வாங்கிய மனைக்குக் கூட்டிப்போய், உச்சி வெயிலில் நாலு மூலைக் கல்லையும் தொட்டுக் காட்டாமல் விடமாட்டார். அந்தக் கற்களுக்கே என்னைப் பார்த்துச் சலித்திருக்கும்.

சனிக்கிழமை சாயந்தரம் பியூஸை எடுக்காமல் விட்டேன். அவ்வளவுதான் திட்டம். பேட்டரி இறங்கிவிடும். அவள் பஸ்ஸில் போவாள். நான் ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பேன்.

சாப்பிடும்போது கேட்டாள். "நாளைக்கு வண்டி கௌம்புமாங்க?"

"சந்தேகந்தான். எதுக்கும் நீ பஸ்ல போக ரெடியா இரு."

"கௌம்பிடுச்சின்னா?"

வாக்குக் கொடுக்க இதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடைக்காது. "கௌம்பிடுச்சின்னா பூசைக்கும் வரேன், மச்சான்கூட மனைக்கும் போறேன். திங்கக்கெழம லீவு போட்டு அங்கயே தங்கறேன்."

"சரிங்க" என்று ரசம் ஊற்றினாள்.

காலையில் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். சோக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். ஒரே அமுக்கு. வண்டி உறுமியது. மீட்டர் மட்டும் இருட்டாகக் கிடந்தது.

"நேத்து இருட்டினப்புறம் பால் வாங்கப் போறப்ப பாத்தேன். டிஸ்ப்ளே எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சி. மறந்துட்டீங்க போலன்னு நானே எடுத்துட்டேன்." கைப்பையைத் திறந்து பியூஸைக் காட்டினாள். "நீங்க ரெண்டு நாள் தங்கறீங்கன்னு அண்ணனுக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன். அவுங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "மீட்டர் இல்லாம சிதம்பரம் வரைக்கும் எப்டி போறது? எவ்ளோ ஸ்பீடுன்னே தெரியாதே."

பியூஸைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க ஓட்டுங்க. ஸ்பீடு எவ்ளோன்னு நான் சொல்றேன்."