துரை பாடிய கேசட்

அழைப்பு வராமல் மாமனார் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று நான் சபதம் செய்தது எண்பத்தேழாம் வருடம், என் மகள் பிறந்த பதினாறாம் நாள்.

காரணம் சங்கீதம். எங்கள் வம்சத்தில் யாரும் பாடக் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் யாரும் பாடாமல் இருந்ததுமில்லை. தாத்தா பாடினால் ஏர் மாடுகள் வேகமாக நடக்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாமே என்று. அப்பா பாடி இரண்டு முறை வாடகை வீடு மாறினோம். நான் முன்ஜாக்கிரதையாகக் கள்ளக்குறிச்சியில் மைக் செட் கடையே வைத்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு தாலாட்டு உண்டு. தலைப்பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது அப்பன்தான் அதைப் பாட வேண்டும். கச்சிராயபாளையத்தில் மாமனார் வீட்டில் சொந்தபந்தம் கூடியிருக்க, எழுந்து நின்று பாடினேன். இரண்டாவது அடியில் குழந்தை வீறிட்டது. மாமனார் என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, போதும் நிறுத்துங்க. கொழந்த பயப்படுது."

"ராகம் அப்படிங்க மாமா. மேல ஏறிட்டு எறங்கும்."

"எறங்கற வரிக்கும் கொழந்த தாங்கணுமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மணிமொழியும் சிரித்தாள். அதுதான் சுட்டது. சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

சபதத்தை வீட்டுக்கு வந்து துரையிடம் சொன்னேன். துரை எங்கள் நாய். சரியாகச் சொன்னால் மணிமொழியின் நாய். கல்யாணத்தன்று அவளோடு வண்டியில் ஏறி வந்தது. அதற்கு வயது பதிமூன்று. இடது கண் பூத்துவிட்டது, பின்னங்கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. படி இறங்க நான்தான் வயிற்றில் கை கொடுக்க வேண்டும். ஆனால் நான் பாட ஆரம்பித்தால் மூக்கை மேலே தூக்கி ஊளையிட்டுக் கூடவே பாடும். இந்த உலகத்தில் என் பாட்டுக்குத் துணை வந்த ஒரே ஜீவன்.

சபதம் செய்வது சுலபம். அதோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். மகளை நான் மொத்தம் மூன்று மணி நேரம் பார்த்திருப்பேன். அந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் ஓட்டினேன். உத்தரத்தில் கொக்கி அடித்து, மணிமொழியின் பழைய சேலையில் தொட்டில் கட்டினேன். தினமும் காலித் தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கடைக்குப் போவேன். மணிமொழி தாய்வீட்டிலிருந்து வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஏக்கமாக இருக்கிறது என்று எழுதலாம்தான். சபதம் செய்த ஆம்பளை அப்படி எழுதுவானா?

அப்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் வந்தது. ரோடெல்லாம் புளியமரம் குறுக்கே கிடந்தது. பஸ் இல்லை, தபால் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. போகாததற்குக் காரணம் இனி என் ரோஷமில்லை, ரோடு.

முதல் நாள் காலை, பஸ் நிஜமாகவே ஓடவில்லையா என்று தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. துரை இல்லை.

தெருத்தெருவாகத் தேடினேன். ஏரிக்கரை, மார்க்கெட், கறிக்கடை, எங்குமில்லை. வயசான நாய் சாகப்போவதற்கு முன் வீட்டை விட்டுப் போய்விடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய்க்காக அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அழுதேன்.

மறுநாள் வாசலில் சைக்கிள் மணி. பால்காரர் சடையன். கச்சிராயபாளையத்திலிருந்து பத்து மைல், மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ணா, மணிமொழி கேட்டுக்கினு வரச் சொல்லிச்சி. தொர எப்படிக்கீதாம்?"

"நல்லா… நல்லா இருக்குது. உள்ள தூங்குது."

"கொறட்ட சத்தமே காணோமே?"

"இப்பல்லாம் கொறட்ட கம்மி."

பிள்ளை பெற்றவளிடம் உன் நாய் தொலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? பச்சை உடம்பு. அதனால் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். எழுத உட்கார்ந்ததும் ஒரு வசதி புரிந்தது. எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்ததையெல்லாம் துரை பேரில் எழுதலாம்! 'துரை சரியாகச் சாப்பிடுவதில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. உன் சேலையை விடமாட்டேன் என்கிறது. அதற்குப் பாப்பாவைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.' எழுதி முடித்தபோது கண் கலங்கியது. துரைக்காகவா எனக்காகவா, தெரியவில்லை.

அடுத்த நாள் மணிமொழியிடமிருந்து பதில் வந்தது. 'மாமாவுக்கு, துரையைப் பற்றிப் படித்துக் கஷ்டமாக இருந்தது. காலுக்கு வேப்பெண்ணெய் தடவுங்கள். தடவினீர்களா என்று எழுதுங்கள்.'

எழுதினேன். 'தடவினேன். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.'

அதற்கடுத்த நாள் சடையன் ஒரு காலி கேசட்டை நீட்டினார். கூடவே சீட்டு. 'துரையின் குரல் காதிலேயே நிற்கிறது. நீங்கள் தாலாட்டைப் பாடுங்கள், அதுவும் சேர்ந்து ஊளையிடும் இல்லையா, அப்படியே பதிவு செய்து அனுப்புங்கள். பாப்பா கேட்கட்டும்.'

என் பாட்டை அவளே கேட்கிறாள்! தலைகால் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது, ஊளைக்கு எங்கே போவேன்?

கடைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மைக்கை மாட்டினேன். முதலில் தாலாட்டு. பிறகு, நான்கு கால்களில் நின்றால்தான் குரல் சரியாக வரும் என்று தோன்றியதால், அப்படியே நின்று, மூக்கை மேலே தூக்கி, ஊளை. முதல் ஊளை எங்கள் சித்தப்பா போலிருந்தது. இரண்டாவதில் துரையை நினைத்துக்கொண்டேன். எங்கே எந்த வாய்க்காலில் கிடக்கிறதோ, கடைசியில் யார் வயிற்றில் கை கொடுத்தார்களோ என்று நினைத்தேன். அப்போது வந்தது பாருங்கள் ஒரு ஊளை, அடிவயிற்றிலிருந்து! தெருநாய்கள் நான்கு வந்து கதவைப் பிராண்டின.

கேசட்டைக் கொடுத்தனுப்பிய பிறகு மனசு நிற்கவில்லை. செத்த நாயின் பேரில் பொய்க்கு மேல் பொய். அதையும் அவள் நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பாள். மறியலின் ஆறாம் நாள், சபதத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று நடக்க ஆரம்பித்தேன். எத்தனை மரம் ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை. தூரத்தில் கல்வராயன் மலை நான் நடக்க நடக்க அதே இடத்தில் நின்றது. வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கரும்புக் கொல்லையைத் தாண்டும்போதே மாமனார் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. டேப்ரெக்கார்டரில் என் ஊளை.

உள்ளே நுழைந்தேன். மணிமொழி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்கு அடியில், காலில் வேப்பெண்ணெய் பளபளக்க, துரை படுத்திருந்தது. தலையைத் தூக்கி, நல்ல கண்ணால் என்னை ஒருமுறை பார்த்தது. வால் இரண்டு தட்டுத் தட்டியது. அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"வாங்க மாமா. வூட்ல தொர எப்படிக்கீது? சாப்புட்டுச்சா?"

"மணி… இது எப்ப…?"

"மறியல் ரெண்டாம் நாளு காலையிலயே வந்துட்சி. ரோட்ல ஒரு வண்டி இல்ல இல்ல, நடு ரோட்லயே ஆடி அசைஞ்சிக்கினு வந்துகீது. மரத்துக்கெல்லாம் அடியில பூந்து வந்திருக்கும் போல, முதுவெல்லாம் சிராய்ப்பு."

"எனக்கும் வரணும்னுதான்… ரோட்டுல மரமா கெடந்துச்சா…"

"அதுக்கு ஒரு கண்ணுதான் தெரியும்" என்றாள் மணிமொழி. அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கடிதங்கள் இரண்டும் தொட்டில் கயிற்றில் செருகியிருந்தன.

"அப்போ கேசட்டு எதுக்கு?"

"பாப்பா அழுதா தொர ஊளையிடும், ஒடனே பாப்பா தூங்கிடும். ஆனா தொரைக்கு வயசாயிட்சி, ரெண்டு நாள்ல தொண்ட கட்டிக்கிச்சி. வேற இன்னா பண்றது? நீங்க எப்படியும் செஞ்சி அனுப்புவீங்கன்னு தெரியும்."

ஊளை அபசகுனம் என்கிற மாமியார்கூட எனக்குக் காபி வைத்தார்.

டேப்பில் ஊளை முடிந்ததும் மணிமொழி திரும்பச் சுற்றினாள், கொஞ்சம் அதிகமாகச் சுற்றிவிட்டதால் என் தாலாட்டு ஆரம்பித்தது. குழந்தை வீறிட்டது. மாமனார் ஓடி வந்து டேப்பை அணைத்தார். நான் மகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மூன்று வார ஏக்கத்தோடு பாட வாயைத் திறந்தேன்.

"மாப்ள" என்றார் மாமனார், கைகூப்பாத குறையாக. "பாட்டு வாணாம். அந்த இன்னொண்ணு…"

வீடே என்னைப் பார்த்தது. மூக்கை மேலே தூக்கினேன். குழந்தை அழுகையை நிறுத்தி, என் முகத்தையே பார்த்து, என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு, அப்படியே கண் அயர்ந்தது.

மணிமொழி குனிந்து நாயின் தலையைத் தடவினாள்.

"தொர, இனிமே நீ ரெஸ்ட் எடுத்துக்கடா. மாமா வந்துட்டாரு."